ஓடைக்கு சிமெண்ட் கால்வாய் போடுவதற்கு முன்

கேள்வி: நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி (மலைக் கிராமம்) எங்களுடையது. ஊருக்குக் கீழே ஓடும் ஓடையில் என் சின்ன வயதில் பங்குனியிலும் தண்ணீர் இருக்கும். இப்போது ஐப்பசி மழையில் கரையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. மாசி வந்தால் காய்ந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி சிமெண்ட் கால்வாயாக்கிவிடலாம் என்று ஊரில் பேச்சு. இயற்கையை ஒட்டிய வழி ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. முதலில் அந்த சிமெண்ட் பேச்சை ஒரு வருடமாவது தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் வெள்ளத்தையும் வறட்சியையும் இரண்டு தொல்லைகளாகச் சொல்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் மண்ணுக்குள் இறங்கி, மாசி பங்குனியில் மெல்லக் கசிந்து வரவேண்டிய தண்ணீர், மழை பெய்த அன்றே ஓடையில் இறங்கிப் போய்விடுகிறது. அதனால் ஓடையில் தெரியும் கோளாறுக்குப் பெரும்பாலான மருந்து ஓடைக்கு மேலே, கூரையிலும் ரோட்டிலும் தோட்டத்திலும்தான் இருக்கிறது. ஓடைக்குள் செய்யும் வேலை கடைசியில் வரவேண்டியது. நம் மலையில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

சிமெண்ட் என்ன செய்யும் என்று முதலில் பார்த்துவிடலாம். கல்லும் புல்லும் வேருமாக இருக்கும் ஓடையைவிட வழவழப்பான கான்கிரீட்டில் அதே அளவு தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். நீரியலில் ஒரு பழைய கணக்கு உண்டு: வேகம் இரண்டு மடங்கானால், அந்த நீர் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். கால்வாய் முடிகிற இடத்தில் இருக்கும் தோட்டத்துக்காரரின் நிலை என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊர்க் கரை தப்பும், அடுத்த ஊர்க் கரை போகும். அப்புறம், கோடையில் நம் ஓடைகளுக்குத் தண்ணீர் வருவதே இரு கரைகளின் மண்ணிலிருந்து கசிந்துதான். கரையைச் சுவரால் மூடினால் அந்தக் கசிவு உள்ளே வரமுடியாது. சுவருக்குப் பின்னால் தேங்கி, மண் கனத்து, ஒரு நல்ல மழையில் சுவரையே தள்ளிவிடும். மலையில் விழுந்த தடுப்புச்சுவர்களில் பல, பின்னால் நின்ற நீருக்கு வழி விடாததால் விழுந்தவை.

நம் பக்கத்து மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கு முக்கியமானது வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மாவட்டம் முழுக்க நிலச்சரிவு, நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியும் ஒரே நாளில் 80 சென்டிமீட்டரைத் தாண்டியது. இப்படிப்பட்ட நாளுக்கு ஈடுகொடுக்கும் கால்வாயை எந்த ஊராலும் கட்ட முடியாது. வழக்கமான கனமழைக்கு ஏற்ற மாதிரி ஏற்பாடு செய்துவிட்டு, அந்தப் பெரிய நாளுக்கு ஓடைக்கு இடம் விட்டுவைப்பதுதான் செய்யக்கூடியது. இடம் என்றால் அகலம். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும் அ-பதிவேடும் (நில விவரப் பதிவேடு) பார்த்து, ஓடைப் புறம்போக்கு எத்தனை மீட்டர் என்று தெரிந்துகொள்ளுங்கள். பல ஊர்களில் தாளில் இருக்கும் அகலத்தில் பாதிகூடத் தரையில் இருக்காது.

இப்போது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணக்கு போடலாம். ஊரில் 60 வீடு, ஒவ்வொன்றும் 1,000 சதுர அடிக் கூரை என்று வையுங்கள். அரை கிலோமீட்டர் நீளத்துக்கு 4 மீட்டர் அகலத்தில் ரோடு. மொத்தம் சுமார் 7,600 சதுர மீட்டர் தண்ணீர் இறங்காத பரப்பு. 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் இதிலிருந்து மட்டும் ஏறக்குறைய 3 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். 10,000 லிட்டர் லாரி என்றால் 38 லாரி. இதில் பெரும்பங்கு ஒன்றிரண்டு இடத்தில் சேர்ந்து உங்கள் ஓடையில் விழுகிறது. ஓட்டு வீடும் மண் பாதையுமாக இருந்த காலத்தில் பரப்பும் குறைவு, தண்ணீர் இறங்கிய இடங்களும் பல.

கூரைத் தண்ணீருக்குத் தொட்டி வைக்கலாம், ஆனால் தொட்டியோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன கூரையிலிருந்து அந்த மழைக்கு 4,600 லிட்டருக்கு மேல் வரும். 2,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி பாதிகூடப் பிடிக்காது. அதுவும் முதல் நாள் மழையிலேயே நிரம்பி நின்றுவிட்டால் மறுநாள் மழைக்கு அது இருந்தும் இல்லாததுதான். அதனால் மழைக்கால இரண்டு மாதமும் தொட்டியின் அடியிலுள்ள குழாயைச் சிறிது திறந்துவைத்து, இரவோடு இரவாகத் தொட்டி காலியாகும்படி விடுங்கள். கார்த்திகை கடைசியில் குழாயை மூடி, வரும் மழையைச் சேமித்துக்கொள்ளலாம். தொட்டி நிரம்பி வழியும் நீர் வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்வெட்டில் விழாமல், குழாய் வழியாகக் கெட்டியான வடிகாலுக்குப் போகவேண்டும். இந்த ஒன்றில் சமரசம் வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ரோடுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். மலை ரோட்டின் உள்பக்கத்தில் ஒரு வடிகால் ஓடும். மேலிருந்து இறங்கும் தண்ணீர் எல்லாம் அதில் சேர்ந்து, ஏதோ ஒரு சிறுபாலத்துக்கு அடியில் ரோட்டைக் கடந்து கீழே கொட்டும். சரிவு முழுக்கப் பரவி இறங்கவேண்டிய நீரை ரோடு ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. எந்தச் சிறுபாலத்துக்குக் கீழேயும் போய்ப் பாருங்கள், மண் தோண்டப்பட்டு ஒரு பள்ளம் உருவாகியிருக்கும். மண் அரிப்பு தொடங்குகிற இடம் அதுதான். செய்யவேண்டியது, கடக்கும் இடங்களை அதிகமாக்குவது. ஒரு பெரிய சிறுபாலத்துக்குப் பதில் நான்கைந்து சின்னக் குறுக்கு வடிகால்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் விழும் நீர் குறையும். ஒவ்வொன்றும் விழும் இடத்தில் பெரிய கற்களை நெருக்கமாகப் பதித்து ஒரு தளம் போட வேண்டும். கல்லில் மோதி வேகம் தணிந்த பிறகுதான் நீர் மண்ணைத் தொட வேண்டும். ஊருக்குள் இருக்கும் கான்கிரீட் நடைபாதைகளிலும் இப்படியே: சிறு இடைவெளிகளில் சாய்வாக ஒரு குறுக்குக் காடி வெட்டி, தண்ணீரைப் பக்கத்துப் புல்தரைக்குத் திருப்பிவிடுங்கள். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். நெடுஞ்சாலைத் துறை ரோடாக இருந்தால் அவர்கள் அனுமதி வேண்டும், பஞ்சாயத்து ரோடாக இருந்தால் கிராம சபைத் தீர்மானத்தோடு தொடங்கலாம்.

தேயிலை நல்ல நிலையில் இருந்தால் மண்ணை நன்றாகவே மூடிவைக்கும். கவாத்து வெட்டிய கிளைகளை விறகுக்கு அள்ளிப்போகாமல் வரிசைகளுக்கு நடுவே போட்டுவைத்தாலே மழைத்துளியின் அடி மண்ணில் படாது. கவலைக்கு இடமானது சரிவை ஒட்டி மேலிருந்து கீழாக வரப்புப் பிடித்துக் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடும் நிலம். வாரம் வாரம் கொத்திய மண், மழையில் ஓடையின் நிறத்தையே மாற்றிவிடும். வரப்பைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பவும், ஓடைக்கும் பயிருக்கும் நடுவே ஐந்தாறு மீட்டராவது புல்லுக்கு விடவும் அந்த விவசாயிகளைக் கேளுங்கள். ஒரு துண்டு நிலத்தை நம்பி வாழ்கிறவரிடம் சும்மா கேட்டால் நடக்காது. அந்தப் பட்டையில் மாட்டுத் தீவனப் புல் போட்டு அறுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கே என்று ஊர் ஒப்புக்கொண்டால் பேச்சு நகரும்.

அடுத்தது என் மனதுக்கு மிகவும் நெருக்கமான விஷயம். உங்கள் ஓடையின் தலைப்பகுதிக்கு நடந்து போங்கள். அநேகமாக இரண்டு மேட்டுக்கு நடுவே தட்டையான ஒரு தாழ்வு இருக்கும். அங்கேதான் சதுப்பு இருந்திருக்கும், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். நீலகிரியில் ஓடைகள் பிறப்பதே இந்தச் சதுப்புகளிலும் சோலைகளிலும் புல்வெளிகளிலும்தான். சதுப்புகளின் கரிமண் அடுக்குகளில் சுமார் 20,000 ஆண்டுகளின் காலநிலை வரலாறு படிந்திருப்பதை 1993-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அவ்வளவு பழைய மண். ஒரு நல்ல சதுப்பு மழையைப் பஞ்சு போல வாங்கிவைத்து மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருக்கும். அதன் நடுவே ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் போதும், ஓரிரு வருடத்தில் காய்ந்து காய்கறி நிலமாகிவிடும். பல இடங்களில் அதுதான் நடந்தது.

நல்ல செய்தி, அந்த வாய்க்காலை அடைத்தால் சதுப்பு பெரும்பாலும் திரும்ப வரும். மேலிருந்து தொடங்கி, மண்ணும் மரத்துண்டும் கல்லும் வைத்து வாய்க்காலை அங்கங்கே அடைக்க வேண்டும். கீழ் அடைப்பின் தலைமட்டம் மேல் அடைப்பின் அடிமட்டத்தோடு ஒன்றாக வரும்படி இடைவெளி வைத்தால், நடுவில் நீர் நின்று இருபக்கமும் பரவும். அடைப்பு பக்கத்துத் தரையைவிட உயரமாக இருக்கக் கூடாது. உயர்த்தினால் அது அணையாகிவிடும், ஒரு ஓரம் உடைத்துக்கொண்டு போகும். கோரையும் பெரணியும் தானாகவே வந்துசேரும், மாடு மட்டும் இரண்டு வருடம் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலா லில்லி என்று வெள்ளையாக அழகாகப் பூக்குமே, அது வெளிநாட்டுச் செடி. சதுப்பை மூடிவிடும், கிழங்கோடு எடுத்துவிட வேண்டும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான். சுற்றியுள்ள பல ஊர்களுக்குக் குடிநீர் அதிலிருந்து வருகிறது. 2024-இல் அதை உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். ஊர்க்காரர்களை ஒருமுறை அங்கே கூட்டிப்போய், சோலையிலிருந்து வெளியே வரும் ஓடையை மழை பெய்த மறுநாள் காட்டுங்கள். கோத்தகிரியிலேயே இருக்கும் கீஸ்டோன் அறக்கட்டளை பல ஆண்டுகளாக ஊற்றுகளிலும் சதுப்புகளிலும் வேலை செய்கிறது. ஊட்டியில் 1954-இல் தொடங்கிய மத்திய அரசின் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆலோசனைக்கு வெளியூர் தேட வேண்டியதில்லை.

அந்த மையம் கிளன்மார்கன் பகுதியில் செய்த ஆய்வு ஒன்றை எல்லா மரம் நடும் விழாவிலும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் பாதிக்கு மேல் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். பத்தாண்டு முதல் சுற்றில் அங்கே ஆண்டு நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு மறுதாம்பு வளர்ந்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம். ஓடை காய்கிறது என்றவுடன் மரம் நடலாம் என்று எல்லோரும் நல்ல மனதோடு சொல்வார்கள். இயற்கையாகப் புல்வெளியாக இருந்த மேட்டில் மரம் நடாதீர்கள். அந்தப் புல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஓடைத் தலையில் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூரமும் நின்றால் படிப்படியாக எடுக்கலாம். ஆனால் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி பட்டா நிலமாக இருந்தாலும் அனுமதி வாங்க வேண்டும். சீகையை ஒரே அடியாக வெட்டினால் மண்ணுக்குள் பல வருடமாகக் கிடக்கும் விதைகள் எல்லாம் ஒன்றாக முளைக்கும். வெட்டிய இடத்தில் தொடர்ந்து சில வருடம் நாற்று பிடுங்க ஆள் இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

இப்போது, மேலே சொல்வதாகச் சொன்ன எச்சரிக்கை. தண்ணீரை மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்று சொன்னேன், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. சமவெளியில் வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி தோண்டுவது நல்லது. நம் மலையில் பாறைக்கு மேலே கனமான சிவப்பு மண் உட்கார்ந்திருக்கிறது. அது அளவுக்கு மீறி நீரைக் குடித்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பிடி விட்டுச் சரிந்துவிடும். வீடுகளுக்கு மேலேயுள்ள செங்குத்துச் சரிவிலோ, வீடு கட்ட வெட்டிய மண்சுவருக்கு மேலேயோ, ரோட்டு மண்வெட்டுக்கு மேலேயோ அகழியும் உறிஞ்சுகுழியும் வெட்டவே கூடாது. அங்கெல்லாம் நீரைப் பிடித்துக் கசியாத வடிகாலில் இறக்கிக் கீழே கொண்டுபோக வேண்டும். இந்த இடத்தில் சிமெண்ட் சரியான பொருள்தான். நீரை இறக்குவது தட்டையான மேட்டிலும், சரிவு குறைந்த தாழ்விலும், சதுப்பிலும் மட்டும். தரையில் வில்போல வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரென்று இறுகும் கதவு, தெளிந்து வந்த ஊற்று கலங்குவது, புது இடத்தில் ஊற்று கிளம்புவது, இதில் எதைப் பார்த்தாலும் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு வருவாய்த் துறைக்குச் சொல்லுங்கள். மழை நாளாக இருந்தால் கீழே இருக்கும் குடும்பங்களை அன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

சிக்கிமில் 2008-இல் தொடங்கிய தாரா விகாஸ் திட்டத்தில் ஊற்றுக்கு மேலே அகழி வெட்டிப் பல ஊற்றுகளை மீட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு அப்படியே இங்கே செய்யலாமா என்று கேட்கிறார்கள். ஊற்றுக்கு எங்கிருந்து நீர் வருகிறது என்று அறிந்த பிறகு வேலை தொடங்கும் அந்த முறையை அவசியம் எடுத்துக்கொள்ளலாம். அகழியின் இடத்தையும் அளவையும் அங்கிருந்து நகல் எடுக்கக் கூடாது.

கடைசியாக ஓடைக்கு வருவோம். மலை ஓடை தானாக இருக்கும்போது படிபடியாக இறங்கும். பெரிய கற்கள் குறுக்கே கோத்து ஒரு படி, அதற்குக் கீழே ஒரு சிறு மடு, மறுபடி ஒரு படி. விழுந்து மடுவில் சுழல்வதில் நீரின் பலம் செலவாகிவிடும். அறுந்துபோன ஓடையில் நாம் செய்யவேண்டியது இதைத் திரும்ப அமைப்பது. படியின் உயரத்தை இடைவெளியால் வகுத்தால் வரும் எண், ஓடையின் சாய்வைப்போல் ஒன்றிலிருந்து இரண்டு மடங்குக்குள் இருக்கும் என்பது இயற்கையான ஓடைகளை அளந்து கண்டது. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் இறங்கும் ஓடையில் 30 சென்டிமீட்டர் உயரப் படி வைத்தால் இடைவெளி ஒன்றரை முதல் மூன்று மீட்டர். கற்கள் ஒருவரால் தூக்க முடியாத எடையாக இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்காவது தரைக்குள் புதைய வேண்டும். இரு ஓரமும் கரைக்குள் நுழைந்திருக்க வேண்டும், நடு தாழ்ந்திருக்க வேண்டும். நடு உயர்ந்தால் நீர் ஓரத்தைத் தின்றுவிடும். படிக்கு நடுவே சிமெண்ட் பூச வேண்டாம், கல் சிறிது அசைந்து தானே இடம்பிடிக்கட்டும். வீடு ஓடையை ஒட்டியே நிற்கும் ஓரிரு இடத்தில் மட்டும் கம்பிவலைக்குள் கல் அடுக்கிய சுவர் வையுங்கள், அதன் வழியே கசிவுநீர் வெளியேறும்.

கரைக்கு ஆற்றுப்பாலைக் கிளைகளை ஈரத்தில் ஊன்றினால் வேர் பிடிக்கும். மேலே விக்கி, நாவல் இன மரங்கள், நிழல் இருக்கும் இடத்தில் மரப்பெரணி. வெட்டிவேர் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் நிழலிலும் கடுங்குளிரிலும் அது சுணங்கும், வெயில் படும் கரைக்கு மட்டும் வையுங்கள்.

கழிவுநீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஊட்டியில் கோடப்பமந்து கால்வாய் ஏரிக்குள் எதைக் கொண்டுவந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஓடைக்குள் இறங்கும் செப்டிக் டேங்க் குழாய்களை மூடாமல் மற்ற வேலைகளைத் தொடங்கினால், அழகான படிகளில் சாக்கடைதான் தேங்கும். தோடர் பழங்குடியினரின் மந்துகளில் (குடியிருப்புகளில்) பால் கோயிலுக்கான நீரை ஓடையின் மேல்பகுதியிலும் வீட்டு நீரைக் கீழ்ப்பகுதியிலும் எடுப்பது வழக்கம். ஓடையை மேல், கீழ் என்று பார்க்கும் இந்த ஒழுங்கு நம் மலையிலேயே இருந்தது.

பணத்துக்கு ஊரக வேலை உறுதித் திட்டமும் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டமும் இருக்கின்றன. மண் பாதுகாப்பு வேலைகள் இரண்டிலும் நடந்திருக்கின்றன. காட்டு எல்லைக்குள் ஒரு கல்லை நகர்த்துவதானாலும் வனத்துறை அனுமதி வேண்டும்.

தையிலேயே தொடங்குங்கள். முதல் வேலை அளப்பது. மாதம் ஒருமுறை, மழை பெய்யாத நாளில், ஊற்று வாயில் 10 லிட்டர் வாளியை வைத்து நிரம்ப எத்தனை நொடி என்று பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு எழுதிவையுங்கள். பங்குனிக்குள் கூரை, ரோட்டு நீர் எங்கெங்கே சேர்கிறது என்ற படம் தயாராக வேண்டும். சித்திரை, வைகாசியில் குறுக்கு வடிகால்களும் கல் தளங்களும். ஆனி, ஆடித் தூறலில் நடவு. ஓடைப் படிகளை அடுத்த தைக்கு விடுங்கள், ஒரு பருவமழை கழிந்த பிறகு மேலே செய்த வேலைக்கு ஓடை எப்படி மாறுகிறது என்று பார்த்துத்தான் இடம் குறிக்க முடியும். படிகள் வைத்த முதல் கார்த்திகையில் சில கற்கள் நகரும், அவற்றைத் திருப்பி வைக்கக் கொஞ்சம் பணத்தை ஊர்க் கணக்கில் முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள். ஓடையின் நீளம், மேலிருந்து கீழ்வரை இறக்கம், புறம்போக்கு அகலம், கரையை ஒட்டிய வீடுகள் எத்தனை என்ற நான்கு விவரமும் எழுதினால், எந்த இடத்தில் படி, எந்த இடத்தில் சுவர் என்று உங்கள் ஓடைக்கே பொருத்திச் சொல்கிறேன்.